பத்து நாள் ஊழியப் பயணம்: கம்போடியாவா, நேபாளமா, பீகாரின் ரக்சவுலா?

கோடை விடுமுறை நெருங்கும்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சபைகளில் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் நடுவே இந்தப் பேச்சு தவறாமல் கிளம்பும். ஏதோ ஒரு குழு பத்து நாள் ஊழியத்துக்காகக் கம்போடியாவுக்கோ கென்யாவுக்கோ ஆள் சேர்க்கும். பாஸ்போர்ட் இருக்கிற பிள்ளைகள் பெயரைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டில் சொல்வார்கள். "ஏனுங்கண்ணா, லட்ச ரூவா ஆகுமாமுங்க, அனுப்பலாமுங்களா?" என்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஓர் அம்மா கேட்டார். நான் மிஷனெரி கமிட்டியில் இருப்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அதே பணத்தையும் அதே லீவையும் வைத்துக்கொண்டு வேறு என்னென்ன செய்யலாம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

நான் முதலில் பார்ப்பது, கூப்பிட்டது யார் என்பதை. மக்கெதோனியா தேசத்து மனிதன் தரிசனத்தில் வந்து உதவி கேட்ட பிறகுதான் பவுல் கப்பல் ஏறினார். அந்த ஊர்ச் சபையோ ஆஸ்பத்திரியோ "இந்த வேலைக்கு ஆள் வேண்டும்" என்று கேட்டிருந்தால் அது ஒரு கணக்கு. இங்கே ஒருவர் தேதி குறித்து டிக்கெட்டும் எடுத்துவிட்டு, அங்கே போய் என்ன செய்யலாம் என்று யோசித்தால் அது வேறு கணக்கு.

பத்து நாள் வெளிநாட்டுக் குழுவை எடுத்துக்கொள்வோம். போக வர இரண்டு நாள், களைப்பு தீர ஒரு நாள், கடைசியில் ஊர் சுற்ற ஒரு நாள். மிச்சம் ஆறு நாள். கம்போடியாவில் பேசுவது கெமர் மொழி. நாம் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அதனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பேச்சு குறைவானவையாக இருக்கும்: விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு, பொம்மலாட்டம், சுவருக்குப் பெயிண்ட், அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போவது.

பிள்ளைகள் இல்லம் என்றாலே எனக்கு மனசு பதைக்கிறது. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுக் குழுக்கள் வருகிறார்கள், காணிக்கை தருகிறார்கள் என்பதற்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இல்லங்களும் உண்டு. ஆறு நாள் மடியில் உட்கார்ந்து பழகிய அண்ணன் ஏழாம் நாள் போய்விடுவான். அடுத்த வாரம் இன்னொரு குழு வரும். இந்த மாதிரி தன்னார்வப் பயணத்தால் பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்று ஐ.நா. பொதுச்சபையே 2019இல் தீர்மானத்தில் சேர்த்தது. உங்கள் பயணத் திட்டத்தில் பிள்ளைகள் இல்லம் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்பேன்.

பணக் கணக்கும் இருக்கிறது. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சீரழித்த பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தன. பின்னால் ஓர் ஆய்வாளர் விசாரித்தபோது, பயணச் செலவையும் சேர்த்தால் குழு கட்டிய வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டியது. குடியிருந்த குடும்பங்களின் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

சரி, வெளிநாடே போகக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நேபாளம் எனக்குப் பிடித்த வழி. நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வாக்காளர் அட்டையை வைத்து விமானம் ஏறலாம். ஆதார் போதும் என்று நினைத்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டும்தான் செல்லும். அரைகுறை இந்தி இருந்தால் ஓரளவு பேசிவிடலாம். யுனைடெட் மிஷன் டு நேபாள் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1954 முதல் அங்கே வேலை செய்கிறது. தான்சேன் ஆஸ்பத்திரி, லலித்பூர் பக்கத்து ஆனந்தபன் தொழுநோய் ஆஸ்பத்திரி என்று நர்ஸுகளும் பிசியோதெரபி படித்தவர்களும் கேட்டு எழுத இடங்கள் உண்டு. அங்கே சபை கூடுவது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்று திட்டம் போட்டுப் போனால் ஆராதனையைத் தவறவிடுவீர்கள்.

ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2015 அரசியல் சாசனமும் 2018இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டமும் மதம் மாற்றுவதைத் தடை செய்கின்றன. 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் 7 நாளுக்குள் நாடு கடத்தல். துண்டுப்பிரதியும் மெகாபோனுமாக இங்கிருந்து போகிற குழு ஊர் திரும்பிவிடும். போலீஸ் வந்து கேட்கும்போது பதில் சொல்ல நிற்பவர் அந்த ஊர்ப் போதகர். அவர் பிள்ளைகள் அந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் போக வேண்டும். இதை மறந்துவிட்டு வைராக்கியம் காட்டுவதை ஊழியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இலங்கை மலையகத்தை நம் பக்கத்தில் யாரும் யோசிப்பதே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் தமிழிலேயே பேசலாம், பாடலாம், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் அங்கிருந்து திரும்பி வந்தவர்களுக்காக ஏற்படுத்திய டான்டீ (தமிழக அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. உறவு அறுபடாத குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. இங்கே நான் சொல்லும் ஊர்களில் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத வெளிநாட்டுப் பயணம் இதுதான். போகும்முன் அந்த ஊர்ச் சபையிடம் கேட்டு, எந்த வேலைக்கு எந்த விசா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்யக் கூடாது.

லோகோஸ் ஹோப் கப்பல் வேறு வகை. 1973இல் கட்டிய பழைய கார் ஃபெர்ரி, 2009 முதல் துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் புத்தகம் விற்கும் மிஷன் கப்பலாக ஓடுகிறது. 60 நாடுகள் வரை சேர்ந்த சுமார் 350 பேர் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். செலவுக்குச் சபையிடமும் சொந்தக்காரரிடமும் ஆதரவு திரட்ட வேண்டும். வழக்கம் இரண்டு வருஷம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த பிள்ளைக்கு எஞ்சின் அறையில் உண்மையான வேலை கிடைக்கும். படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும்முன் இரண்டு வருஷத்தைக் கொடுக்க வீட்டில் சம்மதித்தால், இதைத் தாராளமாக எடுக்கலாம்.

இப்போது உள்நாடு. பீகாரில் நேபாள எல்லையை ஒட்டி, பீர்கஞ்சுக்கு எதிரே இருக்கிறது ரக்சவுல். அங்கே 1930 முதல் டங்கன் ஆஸ்பத்திரி. அதை நடத்தும் இம்மானுவேல் ஹாஸ்பிடல் அசோசியேஷன் 1970இல் தொடங்கியது. வட இந்தியாவில் இப்படிப் பல ஆஸ்பத்திரிகள் அதன் கீழ் இருக்கின்றன. ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மலைகளில் மால்தோ பழங்குடி மக்கள் நடுவே நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் பணித்தளங்கள் உண்டு. நம் ஊரிலிருந்து காணிக்கைப் பெட்டி போகிற இடங்கள்தான் இவை. ஆள் போவதுதான் குறைவு.

இங்கே கொங்குப் பிள்ளைகளின் கைவேலைக்கு மதிப்பு உண்டு. கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை செய்கிற ஒரு தம்பி, ஜார்க்கண்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது, டேங்கர் தண்ணீரில் ஓட்டுகிறோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தம்பி போனிலேயே எத்தனை ஹெச்பி, எந்த மாடல் என்று கேட்டு, வைண்டிங் ஒயரை இங்கிருந்தே பையில் எடுத்துக்கொண்டார். அங்கே எரிந்த காயிலை வெட்டி எடுத்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதி, திண்ணையில் உட்கார்ந்து ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துக் கோத்தார். ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன் பையனைக் கூடவே உட்காரவைத்து எண்ணச் சொன்னார். தண்ணீர் மேலே வந்தது. அடுத்த முறை மோட்டார் எரிந்தபோது அந்தப் பையனே நோட்டைப் பார்த்துச் சுற்றிவிட்டான் என்று கடிதம் வந்தது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஓட்டியவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணையில் பழகியவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

செலவு, வெளிநாட்டுப் பயணத்தில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. ஜார்க்கண்டுக்குப் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகவே போகிறது. ஸ்லீப்பர் டிக்கெட் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அந்தப் பெட்டியில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஊர் போகிறவர்கள். அவர்களோடு இரண்டு நாள் பேசிக்கொண்டு போனாலே இந்தி கொஞ்சம் படியும். ஜார்க்கண்டிலும் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. நேபாளத்துக்குச் சொன்ன எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

கோவைக்கு 1830இல் லண்டன் மிஷன் வந்தது. ஈரோட்டில் பிரப் ரோடும் பிரப் ஆலயமும் அந்த மிஷனைச் சேர்ந்த பிரப் என்ற மிஷனெரியின் பெயரில்தான் இருக்கின்றன. அந்த மிஷனெரிகள் தமிழ் படித்து, இங்கேயே பல வருஷம் இருந்து வேலை செய்தார்கள். பத்து நாளில் அதைச் செய்ய முடியாது. பத்து நாள் என்பது கற்றுக்கொள்ளப் போகிற பயணம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊழியத்துக்கு என்று சபையில் காணிக்கை எடுத்துப் போவதுதான் உறுத்துகிறது.

என்னைக் கேட்டால், கையில் தொழில் இருக்கிறவர்களுக்கு ரக்சவுல் போன்ற இடத்தில் ஒரு மாதம். நர்ஸுக்கு நேபாளம். படிப்பு முடித்தவருக்குக் கப்பல். பேச்சும் பாட்டும் பிள்ளைகளோடு பழகுவதும்தான் வரம் என்றால் மலையகம். இன்னும் எதுவும் தீர்மானமாகவில்லை என்றால் ஞாயிறு மதியம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும் திருப்பூர் லைன் வீடுகளுக்குப் போய், ஒரு ஒடிசாக்காரர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ, ஒரு பீகார்ப் பெண்ணோடு அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கவோ தொடங்கலாம். அதற்கு லீவுகூட வேண்டாம்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதுவது என்றால் மூன்று நாலு மாதம் முன்னாடியே எழுதுங்கள். உங்களுக்கு என்ன தெரியும், எத்தனை நாள் இருக்க முடியும், சபையின் கடிதம் இருக்கிறதா என்று மூன்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பீகாருக்கு மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அக்டோபர், நவம்பர், இல்லாவிட்டால் பிப்ரவரி.