ஹாலோகிராமா, நிபுணர் கடிதமா? கையெழுத்துப் போட்ட பேஸ்பாலில் எதை நம்புவது

அமெரிக்காவின் பழம்பெரும் பேஸ்பால் வீரர் பேப் ரூத் கையெழுத்துப் போட்ட பந்து என்று ஒன்று விலைக்கு வந்தால், கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் பந்தைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். 1999 வரை லீக் பந்துகளில் அந்த லீக்கின் அப்போதைய தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். நேஷனல் லீக் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) பந்தில், ரூத் காலத்துத் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக் பெயர் இருந்தால் சரி, மேற்கொண்டு பார்க்கலாம். வாரன் கைல்ஸ் பெயர் இருக்கிறதா? அவர் தலைவரானது 1951-ல். ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். பேரம் பேசவே வேண்டாம்.

பந்து தேறிவிட்டால் அடுத்தது காகிதம். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் பிடிபட்ட போலிக் கும்பலின் சரக்கோடும் சான்றிதழ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அந்தச் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கூட உண்டு!

மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று, இந்த இரண்டு லீக்குகளும் சேர்ந்த மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-ல் தொடங்கிய ஹாலோகிராம் (சாய்த்தால் மின்னும் பாதுகாப்பு ஸ்டிக்கர்) முறை. வீரர் கையெழுத்துப் போடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். பெரும்பாலும் காவல்துறையில் வேலை பார்த்தவர். கண்ணால் பார்த்த பந்தில் மட்டும் எண்ணோடு ஹாலோகிராம் ஒட்டுவார். அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். இதில் ஊகத்துக்கே இடமில்லை. இன்றைய வீரர் என்றால் நான் இதைத் தவிர வேறெதையும் தேடமாட்டேன். ஆனால் தாத்தா பரணில் போட்டு வைத்த பந்துக்கு இது உதவாது. போட்டதைப் பார்த்தவர் வேண்டுமே.

இன்னொன்று, கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் கடிதம். இவர்கள் தருவது சாட்சியம் அல்ல, அபிப்பிராயம். அசல் என்று தெரிந்த பழைய கையெழுத்துகளோடு எழுத்தின் ஓட்டம், சாய்வு, அழுத்தம், மை எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நமக்கும் கொஞ்சம் பிடிபடும். பழக்கப்பட்ட கை பேனாவைத் தூக்கும் இடத்தில் கோடு மெலிந்து வால்போலத் தேயும். பார்த்துப் பார்த்து வரைந்த போலியில் கோடு நடுங்கும், முனை மொட்டையாக நிற்கும். கையெழுத்தையே அச்சாகப் பதித்திருந்தால் கோடு முழுக்க ஒரே தடிமன். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் தோலில் பால்பாயின்ட் பதித்த பள்ளமும் இருக்காது. ரூத் பந்தில், அவர் காலத்தில் புழக்கத்தில் இல்லாத மார்க்கர் பேனா மை தெரிந்தால் லென்ஸே தேவையில்லை.

மூன்று நிறுவனங்களில் எது என்று சண்டை போடுவதைவிட, பந்தின் படம் போட்ட முழுக் கடிதமா, வெறும் ஸ்டிக்கரும் அட்டையுமா என்று பார்ப்பது மேல். விலையுயர்ந்த பழைய பந்துக்கு முழுக் கடிதம்தான். கட்டணம் கையெழுத்துக்காரரைப் பொறுத்து ஏறும். அதனால் முதலில் படத்தை மட்டும் அனுப்பிக் குறைந்த செலவில் கருத்துக் கேட்டுவிடுங்கள்.

அணி முழுக்கக் கையெழுத்துப் போட்ட பந்து பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வில்லங்கம் அதிகம். நட்சத்திர வீரருக்குப் பதிலாக உடைமாற்றும் அறைப் பணியாளரே போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மான்டில் பெயர் அப்படி எத்தனையோ யாங்கீஸ் பந்துகளில் இருக்கிறது. ஒரே கையெழுத்து, அதுவும் இரண்டு தையல்களும் நெருங்கி வரும் ‘ஸ்வீட் ஸ்பாட்’ இடத்தில் இருப்பதற்குத்தான் நல்ல விலை. வெயில் பட்டு மங்கிய மையும், பாதுகாப்பு என்று நினைத்து யாரோ ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் பூசிப் பழுப்பேறிய தோலும் விலையைச் சாய்த்துவிடும்.

புகழ் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. மான்டில் 1995 வரை இருந்தார். கையெழுத்து நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து பந்து பந்தாகப் போட்டுத் தள்ளினார். அவரோடு யாங்கீஸில் ஆடிய ரோஜர் மாரிஸ் 1985 டிசம்பரிலேயே போய்விட்டார், அந்தச் சந்தை சூடுபிடிப்பதற்குள். தனிக் கையெழுத்துப் பந்தாக மாரிஸ் கிடைப்பது அரிது. இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் நான் மாரிஸ் பக்கம்தான். மாரிஸ் பந்தின் அமெரிக்கன் லீக் முத்திரையில் பாபி பிரவுன் பெயர் இருந்தால்கூட ஒத்துவரும், அவர் 1984-ல் தலைவராக வந்தவர். மாரிஸ் இறந்து பல வருஷம் கழித்துத் தலைவரான ஜீன் பூடிக் பெயர் இருந்தால் மட்டும் பந்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.