868 என்ற ஸ்டிக்கருக்குள் 433: லோரா மாட்யூல் வாங்குவோர் கவனத்திற்கு

தொலைவிலுள்ள நீர்த்தொட்டியின் மட்டத்தை அறிவிக்கும் கருவிக்காக, இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 868 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்பும் ரேடியோ நுட்பம்) மாட்யூல்கள் இரண்டு வாங்கினேன். வந்தவை 433 மெகாஹெர்ட்ஸுக்கென வடிவமைக்கப்பட்டவை. உலோக மூடியின் மேலிருந்த ஸ்டிக்கர் மட்டுமே 868 என்றது.

இந்த ஏமாற்று எளிதில் பிடிபடாது. 868-க்கு உரிய எஸ்எக்ஸ்1276 சிப்பும், 525 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இயங்கும் என்று தயாரிப்பாளரே வரையறுத்துள்ள எஸ்எக்ஸ்1278 சிப்பும், பதிப்பு எண்ணைக் கேட்டால் ஒரே விடையைத்தான் தருகின்றன. அதனால் மாட்யூலை இயக்கப் பயன்படும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) எந்தப் பிழையும் காட்டாமல் மாட்யூலை ஏற்றுக்கொள்கிறது. அதிர்வெண்ணை 868 என்று எழுதினாலும் சிப் மறுப்பதில்லை. லோரா மிக மெல்லிய சிக்னலையும் பிடித்துவிடும் என்பதால், ஒரே மேசையில் இரண்டு மாட்யூல்களையும் வைத்துச் சோதித்தால் கசியும் அலையே போதுமானதாகி, செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன. வெளியே கொண்டு சென்றால் தெருமுனைக்குள்ளாகவே தொடர்பு அறுந்துவிடுகிறது. காரணம், சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலுள்ள காயில்களும் கப்பாசிட்டர்களும் சேர்ந்த வடிகட்டி. 433-இன் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதனுடன் கூடவே எழும் இருமடங்கு அதிர்வெண் அலை, 866 மெகாஹெர்ட்ஸ். அதை வெளியே விடாமல் தடுப்பதற்கென்றே அமைந்த வடிகட்டி, நாம் அனுப்பும் 868-ஐயும் அதே கண்டிப்புடன் தடுக்கிறது.

விற்பனையாளர் முதலில் ஆன்டெனாவைக் குறை சொன்னார். கால் அலைநீளத்துக்குச் சரியாக 8.6 செ.மீ. கம்பி வைத்திருப்பதைக் காட்டியதும் நிரலைக் குறை சொன்னார். வேறு வழியின்றி மூடியைப் பிரித்து, உள்ளே 1278 என்று பொறித்திருந்ததைப் படமெடுத்து அனுப்பியபோது, மூடியைத் திறந்த பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. திறக்காமல் எப்படி நிரூபிப்பதாம்?

திறக்காமலும் அறிய ஒரு வழி உண்டு என்பதைப் பிறகு உறுதிசெய்துகொண்டேன். இரண்டு மாட்யூல்களையும் சில மீட்டர் இடைவெளியில் அசையாமல் வைத்து, மிகக் குறைந்த ஆற்றலில், 868-இல் 8.6 செ.மீ. கம்பியுடனும் 433-இல் 17.3 செ.மீ. கம்பியுடனும் மாறி மாறி அனுப்பி, பெறும் பக்கத்தில் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் வலிமை) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் இவ்விரு பட்டைகளுக்கும் உள்ள விதிகளை முன்னதாகப் பார்த்துக்கொள்வதும், ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் அனுப்பாமலிருப்பதும் அவசியம். 433-இல் சிக்னல் வெகுவாக வலுத்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மூடியைத் தொடாமல், அந்த அளவுகளுடனேயே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.