துருப்பிடித்த பெற்றோல் டேங்க்: கழுவுவதா, பூச்சுப் பூசுவதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு நிசான் சனி பி11 மூன்றாவது தடவையும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்றபோதுதான், பிழை இஞ்சினில் இல்லை என்று எனக்கு உறைத்தது. பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். காபரேட்டரைக் கழுவினோம், கொயிலை மாற்றினோம், பலனில்லை. கடைசியில் கராஜில் இருந்த அண்ணன் பில்டரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் கவிழ்த்தார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, அதற்கும் கீழே செங்கல் தூள் போலத் துரு. "தம்பி, டேங்கைக் கழட்டாம இதுக்கு முடிவு வராது" என்றார்.

பெற்றோலை விடத் தண்ணீர் கனம் கூடியது, அதனால் டேங்கின் அடியில் போய்த் தங்கும். அந்த இடத்தில் தகடு துருப்பிடிக்கும். ஓடும்போது அந்தத் துரு உறிஞ்சு குழாயின் வலையில் அப்பிக்கொண்டு பெற்றோலை மறிக்கும். இஞ்சின் நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் துரு உதிர்ந்துவிடும், கார் மறுபடி ஓடும். உங்கள் காரும் இப்படி ஓடி, நின்று, ஓடினால் முதலில் டேங்கைச் சந்தேகியுங்கள்.

எங்கள் டேங்க் கெட்டதற்குக் காரணம் 2022 பெற்றோல் தட்டுப்பாடு. பெற்றோல் வரிசையும் பங்கீட்டுக் கியூஆர் அட்டையுமாக இருந்த அந்த நாட்களில் காரை ஷெட்டில் கால் டேங்க் பெற்றோலோடு விட்டுவிட்டோம். டேங்கில் மீதி இடமெல்லாம் காற்று. கடற்கரை ஊரின் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உள்தகட்டில் வியர்க்கும், அந்த வியர்வை சொட்டுச் சொட்டாய் அடியில் சேரும். பழைய பெற்றோலும் பிசினாக இறுகி, மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடித்தது.

பழைய காருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல்தான். வந்தவற்றின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஓடுகிற பழைய காரைக் காப்பாற்றுவதுதான் சரி என்று நான் நம்புகிறேன்.

கழற்றாமல் பெற்றோலை இறக்கிவிட்டு, புது பில்டர் போட்டு, தண்ணீர் போக்கும் மருந்து ஒரு போத்தல் ஊற்றுவது முதல் வழி. தவறுதலாக டீசல் அடித்துவிட்டால், அல்லது வெறும் தண்ணீர் மட்டும் கலந்திருந்தால் இது போதும். துரு வந்துவிட்டால் போதாது, பில்டர் மாற்றியே காசு கரையும்.

இரண்டாவது, பாவித்த டேங்க் வாங்குவது. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் பி11க்கு இன்னமும் கிடைக்கும் என்றார்கள். ஆனால் அதுவும் என் டேங்கின் வயதுதான், எத்தனை வருடம் எங்கே வெறுமனே கிடந்ததோ. வெளியே கறுப்புப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், உள்ளே பார்க்காமல் வாங்கவே கூடாது. அளவுமானி பொருந்தும் துளை வழியே டோர்ச் அடித்துப் பாருங்கள், சாம்பல் நிறத் தகடு தெரிந்தால் மட்டும் பேசுங்கள். இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சரியில்லை என்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை யாருக்கும் ஆகாது. டேங்கில் ஓட்டை விழுந்துவிட்டால் மட்டும் நான் இந்த வழிக்குப் போவேன்.

மூன்றாவதுதான் பலரும் சொல்வது: துருவை எடுத்துவிட்டு உள்ளே எபொக்சிப் பூச்சுப் பூசுவது. கேட்க நன்றாக இருக்கும், நானும் முதலில் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். காரைதீவில் இருக்கும் மச்சான் தன் வானுக்கு அப்படிப் பூசியிருந்தார். ஒரு வருடம் கழித்துப் பூச்சு தோல் தோலாக உரிந்து உறிஞ்சு குழாயை அடைத்தது. டேங்குக்குள்ளே குறுக்குத் தகடுகள் இருக்கும், பெற்றோல் அலைபாயாமல் தடுக்க. அந்தத் தகடுகளின் பின்பக்கம் ஈரமோ எண்ணெய்ப் பசையோ கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் பூச்சுப் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த டேங்கில், முறைப்படி பூசியவர்களுக்கு வருடக்கணக்காக நிற்கிறது என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். பூசி வாழ்ந்து பார்த்தவன் இல்லை நான், அதனால் அடியோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்று: பிழையாகிப் போனால் மறுபடி செய்யலாமா? உரிந்த எபொக்சியைக் குறுக்குத் தகடுகளுக்குப் பின்னாலிருந்து சுரண்டி எடுக்கக் கை போகாது. மச்சான் கடைசியில் அந்த டேங்கையே விட்டுவிட வேண்டியதாயிற்று. நான்காவது வழி, பூச்சில்லாமல் அமிலத்தால் கழுவுவது. அப்படிக் கழுவிய டேங்கில் துரு திரும்பி வந்தால் இன்னொரு தடவை கழுவலாம், தகடு மெலியாமல் இருக்கும்வரை. நம்முடைய உப்புக்காற்றில் துரு என்றைக்காவது திரும்பி வரத்தான் செய்யும். அதனால் திரும்பச் செய்யக்கூடிய வழியைப் பிடித்தேன்.

நான் செய்தது சிற்றிக் அமிலக் கழுவல். ஆடி மாதம், காய்ந்த தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற நேரமாகப் பார்த்துத் தொடங்கினேன். பற்றரியைக் கழற்றி, திறந்த வெளியில், பெற்றோலை முழுக்க இறக்கினோம். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் கவனித்துக்கொள்ளுங்கள். இறக்கிய பெற்றோலை மணலில் ஊற்றிவிடாதீர்கள். நம் கரையோரக் கிணறுகள் ஆழம் குறைந்தவை, மணலில் விட்டது குடிதண்ணீருக்குத்தான் வரும்.

முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும். அமிலம் பிசினை அசைக்காது, பிசின் போனால்தான் துருவில் வேலை செய்யும். அப்புறம் ஒரு நீளச் சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கினோம். நட்டுப் போட்டுக் குலுக்குபவர்களும் உண்டு, ஆனால் ஒன்றிரண்டு தகட்டுக்குப் பின்னால் சிக்கி நின்றுவிடும். சங்கிலி என்றால் ஒரே இழுப்பில் வெளியே வரும். குழாய் வாய்களை ரப்பர் கட்டி அடைத்து, 3 கிலோ சிற்றிக் அமிலத்தைக் கரைத்து, 40 லீற்றருக்கு மேல் தண்ணீர் விட்டு விளிம்பு வரை நிரப்பினேன். மேலே காற்று விட்டுவைத்தால் அந்த வரியில் துரு அப்படியே நிற்கும். ஒரு இரவு விட்டு, கறுத்த தண்ணீரைக் கொட்டி, அரைப் பங்கு அமிலத்தோடு இன்னொரு இரவு. மூன்றாம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது தகடு வெறும் சாம்பல் நிறம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். அமிலம் கழுவிய இரும்பு ஈரமாக நின்றால் ஒரு மணி நேரத்திலேயே மஞ்சள் படரும். அப்பச்சோடாத் தண்ணீரால் அமிலத்தை அடக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஸ்பிரிட் ஒரு போத்தல் ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டினேன், மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு வெயிலும் கச்சானும் பார்த்துக்கொண்டன, மத்தியானத்துக்குள் டேங்க் மொறமொறவென்று காய்ந்தது. இதே வேலையைக் கார்த்திகை மாரியில் செய்திருந்தால் தோற்றிருப்பேன். கடைசியாக டூ ஸ்ட்ரோக் ஒயில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, மாட்டி, அன்றைக்கே பெற்றோல் நிரப்பினோம். முன்பக்கம் போகும் இரும்புக் குழாயையும் காற்றடித்து ஊதிவிட்டோம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மழைத்தண்ணீர் அதன் வழியாகவும் இறங்கியிருக்கலாம், அதையும் மாற்றினேன்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. துரு மூடி வைத்திருந்த ஊசி ஓட்டைகளை அமிலம் திறந்து காட்டிவிடும். எனக்கு அதிர்ஷ்டம், ஒன்றும் இல்லை. இருந்தால் வீட்டில் வெல்டிங் பிடிக்க நினைக்கவே வேண்டாம், வெறும் டேங்கில் மிஞ்சிய ஆவியே வெடிக்கும். பெற்றோல் டேங்க் வேலை பழகிய, தண்ணீரோ நீராவியோ நிரப்பி வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள்.

என் காரில் இந்தக் கழுவலுக்குப் பின் இரண்டு மாரிகள்தான் கடந்திருக்கின்றன, பத்து வருடக் கதை என்னிடம் இல்லை. பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பில்டர் ஒன்று போட்டிருக்கிறேன். முதல் 500 கிலோமீற்றரில் ஒரு தடவை மாற்றினேன், அதில் சிட்டிகைத் தூள் இருந்தது. இரண்டாவது பில்டர் இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் டேங்கை விளிம்பு வரை நிரப்பி வைப்பேன், மழை ஓயும்வரை பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.