பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்களா? கியர் ஆயில் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ரூ.18,650. பில் கையில் இருக்கிறது, ஜிஎஸ்டி நம்பரோடு, சீல் குத்தி, பளபளவென்று. அதில் எழுதியிருக்கும் ஆயில்தான் வண்டிக்குள் இல்லை. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2010 ஹோண்டா சிட்டி, 1.5 ஐ-விடெக், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 2014-ல் வந்த அடுத்த மாடலில் இருக்கும் சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்குவது) கிடையாது, பழைய டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. இரண்டுக்கும் ஆயில் வேறு வேறு. ஓடியது 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. காலையில் முதல் தடவை டி-யில் (முன்னால் ஓட்டும் டிரைவ் நிலை) போடும்போது மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். எஞ்சின் ஆயில் மாற்றும் நேரமும் வந்திருந்தது, சரி, கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இந்த வயசு வண்டிக்கு அது நியாயமான வேலைதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

போனில் புக் செய்தால் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப்போய், சர்வீஸ் பண்ணித் திருப்பித் தரும் ஆப் ஒன்று. அதோடு சேர்ந்து வேலை செய்யும், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற கடை ஒன்று, இங்கே கோயம்புத்தூரில்தான். இரண்டின் பெயரையும் இப்போதைக்குப் போடவில்லை. முறையாகப் புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குள் வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை. பெயர் கேட்டுத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.

வண்டியை அவர்கள் கையில் விட மனசில்லாமல் நானே ஓட்டிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர், முப்பது வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு, அவ்வளவு தன்மையான பேச்சு. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவி ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வைத்து, அது பரவும் வரைக்கும் காத்திருந்து, "பாருங்கண்ணா, நடுவுல கருப்பா நிக்குது, ஓரத்துல மட்டும் தெளிவா போகுது, இது மாத்த வேண்டிய ஆயில்" என்றான். அப்புறம் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் பேட் பாதிக்கு மேல இருக்குங்கண்ணா. ஆப்புல மாத்தச் சொல்லிக் காட்டுது, ஆனா இப்ப வேண்டாம், காசு எதுக்கு வேஸ்ட் பண்றீங்க" என்றான். அங்கேதான் எனக்கு நம்பிக்கை விழுந்தது. தானாக வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்கிறானே, இவன் நம்ம ஆளு என்று தோன்றியது. இப்போது யோசித்தால் எவ்வளவு கைதேர்ந்த வேலை அது! இரண்டாயிரம் ரூபாய் பேடை விட்டுக்கொடுத்துவிட்டுப் பதினெட்டாயிரத்துச் சொச்சத்தைத் தூக்கியிருக்கிறான். கடைசியாக ஒன்று சொன்னான் பாருங்கள், "இந்த மாடல் இனி கிடைக்காதுங்கண்ணா, வித்துடாதீங்க, நல்ல ஆயில் ஊத்தினா இன்னும் ஒரு லட்சம் ஓடும்." பழைய வண்டிக்காரனிடம் இதைவிட இனிப்பாக என்ன சொல்ல முடியும்?

மெஷின் வைத்துப் ப்ளஷ் பண்ணலாம், பழைய ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும் என்றான். ஹோண்டா ஒரிஜினல் ஆயில்தானே என்று கேட்டேன். 2010-ல் கம்பெனியில் ஊற்றி வந்தது இசட்-1, அது போய் இப்போது அந்த இடத்தில் இருப்பது டிடபிள்யூ-1. "டிடபிள்யூ-1 தாங்கண்ணா, வேற ஊத்துவமா?" என்றான். உள்ளே வந்து பார்க்கலாமா என்றதற்கு, இன்சூரன்ஸ் பிரச்சினை, கஸ்டமருக்கு வேலை நடக்கும் இடத்தில் அனுமதி இல்லை, ஏசி ரூமில் உட்காருங்கள் என்று காபி கொடுத்தார்கள்.

பில் இதோ. எஞ்சின் ஆயில் 4.5 லிட்டரும் பில்டரும் 4,350. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) டிடபிள்யூ-1 எட்டு லிட்டர் 9,600. ப்ளஷிங் கூலி 2,500. கிலோமீட்டர் அதிகம் ஓடிய வண்டிக்கென்று ஆயிலில் கலக்கும் ஏதோ ஆடிட்டிவ் 1,400. வாஷர், துணி, இத்யாதி 800. ஆக மொத்தம் ரூ.18,650. ஜிபே பண்ணிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே திருச்சி ரோட்டில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு உதறல், ரோட்டில் வரிசையாகப் போட்டிருக்கும் சின்ன வேகத்தடைகள் மேல் ஓட்டுகிற மாதிரி. போன் பண்ணினேன். "புது ஆயில் செட்டாகணுங்கண்ணா, நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அந்த வாரக் கடைசியில் அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் கிளம்பினால், மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓரளவு சமாளித்த வண்டி பர்லியார் தாண்டி ஏற்றத்தில் கையை விரித்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. மீட்டரில் டி விளக்கு கண் சிமிட்டுகிறது. ஹோண்டாவில் அந்த டி மினுக்கினால் கியர்பாக்ஸில் கோளாறு என்று அர்த்தம். பின்னால் ஊட்டி பஸ், அதன் பின்னால் வரிசையாக லாரிகள், ஹாரன் சத்தம். அம்மா முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எப்படியோ ஓரங்கட்டி, வண்டி ஆறியதும் திருப்பிக்கொண்டு இறங்கினோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் காசு போனதைவிட எரிச்சல். தன்மையான சூப்பர்வைசர் போனையே எடுக்கவில்லை, வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. கடைக்கு நேரில் போனால் அவர் லீவாம். மேனேஜர் என்று இன்னொருத்தர் வந்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சார், ஒன்னு புரிஞ்சுக்கங்க, இவ்ளோ ஓடின கியர்பாக்ஸ்ல புது ஆயில் ஊத்தினா இப்படித்தான் ஆகும். பழைய ஆயில்லயே ஓட்டியிருக்கணும்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. ஊற்றினால் லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று விற்றதும் இதே கடை, ஊற்றியதால்தான் கெட்டது என்று சொல்வதும் இதே கடை. வாரண்டி கேட்டால் கூலிக்கு மட்டும்தான், பாகத்துக்கு இல்லையாம். ஆப்பில்தானே புக் பண்ணினீர்கள், அங்கே கேளுங்கள் என்றார். ஆப்பில் கேட்டால், நாங்கள் இடையில் இருந்து இணைத்துவிடுகிறவர்கள்தான், வேலையின் தரத்துக்குக் கடைதான் பொறுப்பு என்று பதில். திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு பெண் பேசினார், பாவம், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார், "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று. மறுநாள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ். கூடவே அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன். ரூ.18,650-க்கு 500 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே மறுபடி போனால்தான்!

கடைசியில் கணபதியில் ஹோண்டா வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சின்ன ஷெட்தான், ஏசி ரூமெல்லாம் இல்லை. எஞ்சின் டிப்ஸ்டிக்கை உருவியதும் சிரித்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. இந்த எஞ்சினுக்குப் பில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர்தான் பிடிக்கும், பில்லில் 4.5 லிட்டர். "தம்பி, கூட ஊத்தினா கிராங்க் அதுல போய் அடிச்சு நுரை தள்ளும், நுரைக்கு என்ன பிரஷர் இருக்கும்?" என்றார். அடுத்து கியர்பாக்ஸ். ரேடியேட்டர் பேன் சுற்றும் வரைக்கும் எஞ்சினைச் சூடேற்றி, ஆஃப் பண்ணி, ஒன்றரை நிமிஷத்துக்குள் ஸ்டிக்கைப் பார்த்தார். ஹோண்டாவில் அப்படித்தான் பார்க்க வேண்டுமாம், ஓடும்போது பார்த்தால் தப்புக் கணக்கு காட்டும். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. எஞ்சினுக்குக் கூடுதல், கியர்பாக்ஸுக்குக் குறைச்சல்! ஏற்றத்தில் இழுக்காமல் போனதற்கு அது ஒன்றே போதும் என்றார்.

"என்ன ஆயில் ஊத்தினாங்க?" என்று கேட்டபோதுதான் டிக்கியில் இருந்த கேன் ஞாபகம் வந்தது. வண்டி எடுக்கும்போது உதவிக்கு இருந்த பையன், "மிச்ச ஆயில டிக்கில வெச்சிருக்கேண்ணா, டாப்அப்புக்கு ஆகும்" என்று சொல்லியிருந்தான். பேப்பர் சுற்றிய அந்தக் கேனைப் பிரித்தால் டெக்ஸ்ரான் 3 என்ற வேறு வகை ஆயில், ஏடிஎஃப்புக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் பொது என்று போட்டிருக்கிறது. டிடபிள்யூ-1 என்று எங்கேயும் இல்லை. என் வண்டியில் ஸ்டியரிங் கரண்டில் இயங்குவது, அதற்கு ஆயிலே கிடையாது, ஆகவே இது எங்கே போயிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டியதே இல்லை. பில் என்ன சொல்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கடையில் ஒழுங்காக நடந்துகொண்டது அவன் ஒருத்தன்தான், அவன் வேலைக்கு உலை வைத்துவிடுவேனோ என்றுதான் இப்போது கவலை.

மேனேஜர் சொன்ன விஷயத்தையும் பெரியவரிடம் கேட்டேன். பாதி உண்மை என்றார். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து ஏற்கெனவே வழுக்குகிற கியர்பாக்ஸ் என்றால் புது ஆயில் காப்பாற்றாது, மெஷின் வைத்துத் தள்ளினால் உள்ளே படிந்திருக்கும் கசடு கிளம்பிப் போய் வால்வில் அடைக்கவும் செய்யும். அதனால்தான் பழைய ஹோண்டாவுக்கு மெஷினே வேண்டாம், கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றி வருகிறதை மட்டும் இறக்கி, அதே அளவு புதுசு ஊற்று என்பார்கள். ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை லிட்டர்தான் வரும், பாதிக்கும் குறைவு, மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். கொஞ்சம் ஓட்டி மறுபடி, இன்னும் கொஞ்சம் ஓட்டி மறுபடி என்று மூன்று தடவை செய்தால் முக்கால்வாசிக்கு மேல் புதுசாகிவிடும். எனக்கு அதைத்தான் செய்தார். உதறல் பெரும்பாலும் போய்விட்டது. மூன்றாவது கியருக்கு மாறும்போது லேசாக ஒரு வழுக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது, அது போகுமா என்று அவரும் உறுதி சொல்லவில்லை. இந்தச் செலவு தனி, ரூ.18,650-ல் சேர்த்தி இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி இப்போதே பன்னிரண்டு. அவசரத்துக்கு இவ்வளவுதான்: ஆயில் டப்பாவின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், உள்ளே விடமாட்டோம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டப்பாக்களைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள். மேனுவலில் எத்தனை லிட்டர், என்ன பெயர் ஆயில் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பணம் கட்டும் முன் அங்கேயே இரண்டு டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ப்ளஷ், ஆடிட்டிவ் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆப் வழியாக வாங்கியிருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு வந்த "தீர்க்கப்பட்டது" மெசேஜில் எந்த அலுவலர் பெயரும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நாளைக்குக் காலையில் அந்த வேலைதான், பில்லையும் கேனையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டேன், என்ன ஆகிறது என்று பிறகு எழுதுகிறேன்.