கனடா வேலைக் கடிதத்துக்குப் பணம் கேட்பவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் வேலை அனுமதியோடு பல ஆண்டுகள் இருந்துவிட்டு, திறன்மிகு தொழிலாளர் பிரிவில் கனடாவுக்கு நிரந்தரவாசியாகப் போக முயலும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக் கடிதம் வாங்கித் தருவதாகவும், அது கையில் இருந்தால் பி.ஆர். உறுதி என்றும் சொல்லி ஒருவர் என்னிடம் 7,800 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார். கடைசியில் அவர் கொடுத்தது ஒன்டாரியோவில் உண்மையாகவே இயங்கும் ஒரு நிறுவனத்தின் பெயரில் தயாரிக்கப்பட்ட பொய்க் கடிதம். காவல்துறையில் புகார் கொடுத்திருப்பதால் அவருடைய பெயரையும் அவர் நடத்தும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. அவர் எப்படிப் பேசினார், அந்தப் பேச்சில் எது உண்மை, எது மறைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டாலே இதே வழியில் வரும் மற்றவர்களையும் அடையாளம் காண முடியும்.

நான் இயந்திரப் பொறியியல் படித்து, துவாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனபிறகு, பிள்ளைகளின் படிப்பை எண்ணிக் கனடாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். அந்நாட்டின் கூட்டரசுத் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் நுழைய 100க்கு 67 புள்ளிகள் வேண்டும். அப்போது எனக்கு வயது 41, அதற்கு 6 புள்ளிகள். இளநிலைப் பட்டத்துக்கு 21, ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பகுதிகளிலும் கனடிய மொழி அளவுகோலின் 7ஆம் நிலையை எட்டியதற்கு 16, என் மனைவியின் ஆங்கிலத் தேர்வுக்கு 5. ஆக மொத்தம் 63. நான்கு புள்ளிகள் குறைந்தன.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு, உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி நாங்கள் போனோம். “அண்ணே, உங்களுக்கு இடிப்பது வெறும் நாலு பாயின்ட்தான். ஆஃபர் லெட்டர் ஒன்று இருந்தால் பதினைந்து ஏறிவிடும், அதற்குமேல் சி.ஆர்.எஸ்.ஸில் ஐம்பது” என்றார் அவர். 2024 நவம்பரில் சொல்லப்பட்ட அந்தக் கணக்கு, எண்ணளவில் சரியானது. செல்லத்தக்க வேலை வாய்ப்பு இருந்தால் 67 புள்ளிச் சோதனையில் அதற்கென 10 புள்ளிகளும், தகவமைவுப் பிரிவில் 5 புள்ளிகளும் கிடைக்கும். அந்த விதி இன்றும் இருக்கிறது. விண்ணப்பதாரர்களைத் தரவரிசைப்படுத்தும் சி.ஆர்.எஸ். மதிப்பெண்ணிலும் அப்போது 50 கூடுதலாகக் கிடைத்தது. சரியான எண்களை முதலில் சொல்லி நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, முடிவைத் தீர்மானிக்கும் செய்திகளை அவர் சொல்லாமல் விட்டதுதான் இந்த ஏமாற்றின் அடித்தளம்.

67 என்பது எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்பதாரர் தொகுப்பில் பெயரைச் சேர்ப்பதற்கான தகுதி மட்டுமே. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும்படி அழைப்பு வருவது சி.ஆர்.எஸ். தரவரிசைப்படி. 2024இன் முதல் நான்கு மாதங்களில் நடந்த பொதுவான அழைப்புச் சுற்றுகள் எல்லாவற்றிலும் அழைப்புக்குத் தேவைப்பட்ட மதிப்பெண் 520க்கு மேல் இருந்தது. என் வயதையும் தேர்வு முடிவையும் வைத்துக் கணக்கிட்டால் என் மதிப்பெண் 300ஐக்கூட எட்டவில்லை. ஆகவே அவர் சொன்ன 50 உண்மையாகவே கிடைத்திருந்தாலும் அழைப்பு வந்திருக்காது. இந்தக் கணக்கைப் போடுவதற்கான கருவி கனடிய அரசின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. நேர்மையான ஆலோசகர் எவரும் முதல் சந்திப்பிலேயே அதைத் திறந்து காட்டியிருப்பார்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்தப் பேச்சு எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இங்கே முதலாளி இல்லாமல் வேலை அனுமதி இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிப்பது நிறுவனம்தான். 2023 செப்டம்பரில் காம்பஸ் புள்ளிமுறை வந்த பிறகும் அது மாறவில்லை. வேலை கிடைத்தால்தான் நாட்டுக்குள் இருக்கலாம் என்ற ஒழுங்கிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நாம், மற்ற நாடுகளிலும் வேலைக் கடிதமே கதவைத் திறக்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அதன் மதிப்பு வேறு. பிரிட்டனின் திறன்மிகு தொழிலாளர் விசாவுக்கு உரிமம் பெற்ற முதலாளியின் ஆதரவுச் சான்று கட்டாயம். ஆஸ்திரேலியாவின் 189 என்ற சுயேச்சைப் பிரிவுக்கு முதலாளியே தேவையில்லை. அதன் புள்ளிப் பட்டியலில் வேலை வாய்ப்புக்கு இடமும் இல்லை. கனடாவின் கூட்டரசுத் திட்டத்தில் அது புள்ளி சேர்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை. இந்த வேறுபாட்டை அறியாதவர்களிடம்தான் இத்தகைய வியாபாரம் நடக்கிறது.

கனடாவிலேயே அந்த மதிப்பு பலமுறை குறைந்திருக்கிறது. 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தொடங்கியபோது வேலை வாய்ப்புக்கு சி.ஆர்.எஸ்.ஸில் 600 மதிப்பெண்கள் கிடைத்தன. அன்று ஒரு கடிதமே பெரும்பாலும் அழைப்பைப் பெற்றுத் தந்துவிடும். 2016 நவம்பரில் அது பெரும்பாலான பணிகளுக்கு 50 ஆகவும், உயர் நிர்வாகப் பதவிகளுக்கு 200 ஆகவும் குறைக்கப்பட்டது. வேலை வாய்ப்புகள் விலைக்கு விற்கப்படுவதைத் தடுப்பதற்காக அந்த மதிப்பெண்களை அறவே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அன்றைய குடிநுழைவு அமைச்சர் மார்க் மில்லர் அறிவித்தார். 2025 மார்ச் 25 அன்று அவை நீக்கப்பட்டன. என்னிடம் நவம்பரில் 2,800 வெள்ளி வாங்கியிருந்த அந்த நபர், ஐம்பது மதிப்பெண்ணைக் காரணம் காட்டி மீதி 5,000 வெள்ளியைப் பேநவ் என்ற மின்வழிப் பணப்பரிமாற்றம் மூலம் பெற்றுக்கொண்டது ஏப்ரலில், அதாவது அந்த மதிப்பெண் ஒழிந்த பிறகு. இதை வெறும் அலட்சியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. குடிநுழைவு ஆலோசனையையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டின் மிகப் பெரிய மாற்றம் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

முதலில் வந்த கடிதத்தில் பதவி சரக்குக் கிடங்குப் பணியாளர் என்றும், தொழில் வகைப்பாட்டு எண் 75101 என்றும் இருந்தது. கனடாவின் ஐந்து இலக்கத் தொழில் எண்ணில் இரண்டாவது இலக்கம், அந்த வேலைக்குத் தேவையான கல்வியையும் பயிற்சியையும் குறிக்கும் டீர் நிலையைக் காட்டும். கூட்டரசுத் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் 0 முதல் 3 வரையிலான நிலைகள் மட்டுமே ஏற்கப்படும்; 75101 ஐந்தாம் நிலை. என் உண்மையான வேலை 22301 என்ற எண்ணில், இரண்டாம் நிலையில் வருகிறது. இதை எடுத்துச் சொன்னதும் சில நாள்களிலேயே அதே நிறுவனத்தின் பெயரில், அதே கையொப்பத்தோடு, பதவியும் எண்ணும் மட்டும் மாற்றப்பட்ட இன்னொரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. எந்த நேர்காணலும் நடக்கவில்லை, நிறுவனத்திலிருந்து ஒருவரும் என்னிடம் பேசவில்லை. ஒரு நிறுவனம் தான் பார்த்திராத ஒருவருக்குக் கிடங்கு வேலையையும் பொறியியல் வேலையையும் இப்படி மாற்றி மாற்றிக் கொடுக்காது என்று என் மனைவி அன்றே சொன்னாள்.

அடுத்து எல்.எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 3,000 வெள்ளி கேட்டார். இந்த இடத்தைத்தான் நீங்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதால் உள்ளூர்த் தொழிலாளர் சந்தைக்கு என்ன விளைவு ஏற்படும் என்பதை ஆராய்ந்து, கனடாவின் வேலைவாய்ப்பு, சமூக மேம்பாட்டுத் துறை முதலாளிக்குக் கொடுக்கும் முடிவுதான் எல்.எம்.ஐ.ஏ. கனடாவில் வேலை அனுமதி இல்லாமல் சிங்கப்பூரில் இருக்கும் என்னைப் போன்றவருக்கு, அந்தச் சாதகமான முடிவு இல்லாத கடிதம் 67 புள்ளிச் சோதனையில் ஒரு புள்ளிகூடத் தராது. வேலை முழுநேரமாகவும், குறைந்தது ஓராண்டுக்குத் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். அந்த முடிவுக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தில் ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணமும் அவருடையது. அதைத் தொழிலாளியிடமிருந்து நேராகவோ சுற்றுவழியிலோ திரும்பப் பெறக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே எல்.எம்.ஐ.ஏ.வுக்கென்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால், அது போலியாக இருக்கும், அல்லது உண்மையான ஒன்று சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்படுகிறது. இரண்டிலும் மாட்டிக்கொள்பவர் விண்ணப்பதாரரே.

அந்த 3,000 வெள்ளியை நான் கொடுக்கவில்லை. கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். மனிதவளப் பிரிவில் பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்படியொரு பணியிடமே தங்களிடம் இல்லை என்றும், கையொப்பத்தில் உள்ள பெயரில் யாரும் வேலை பார்க்கவில்லை என்றும் மின்னஞ்சலிலும் எழுதித் தந்தார். பணம் வாங்கிக்கொண்டு கனடியக் குடிநுழைவு விண்ணப்பத்தில் ஆலோசனை கூறவோ பிரதிநிதியாக இருக்கவோ அந்நாட்டு வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள், குடிநுழைவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினர்கள் ஆகியோருக்கே பொதுவாக உரிமை உண்டு. அந்தக் கல்லூரியின் உறுப்பினர் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிம எண்ணைத் தேடியபோது, அது வான்கூவரில் இருக்கும் வேறொருவருடையது என்று தெரிந்தது. பிரதிநிதியை நியமிக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்காமல், “நீங்களே போடுவது போலப் போட்டுவிடலாம்” என்று அவர் சொன்னதன் பொருளும் அப்போது விளங்கியது. அவர் பெயர் எந்த அரசுப் பதிவிலும் இடம்பெறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

பணத்தைவிட என்னை அதிகம் அச்சுறுத்தியது வேறொன்று. அவர் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு என் பெயரில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கைத் திறந்து, அந்தப் பொய் வேலை வாய்ப்பை அதில் பதிந்திருந்தார். கடவுச்சொல் அவரிடமே இருந்தது. கணக்கு திறப்பதற்குக் கட்டணமே கிடையாது என்றாலும், ‘அரசுக் கட்டணம்’ என்று ரசீதில் ஒரு வரி இருந்தது. கனடியக் குடிநுழைவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படும். அந்தக் காலத்தில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. தயாரித்தவர் இடைத்தரகர் என்று சொல்லி விண்ணப்பதாரர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. பலமுறை வற்புறுத்தி, மனைவியும் நானும் அவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்து, கடவுச்சொல்லைப் பெற்று, எந்த அழைப்பும் வருவதற்கு முன்பே அந்த விவரக்குறிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டோம். உங்கள் பெயரில் உள்ள கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இல்லையென்றால், தயவுசெய்து மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலைக் கடிதம் இருந்தால் வங்கியில் குடியேற்றப் பணம் காட்டத் தேவையில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்த விலக்கு, கனடாவில் வேலை செய்யும் அனுமதியும் செல்லத்தக்க வேலை வாய்ப்பும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு உரியது. இங்கிருந்து விண்ணப்பிக்கும் நால்வர் குடும்பம் 2025 கணக்குப்படி 28,000 கனடிய டாலருக்கு மேல் காட்டியாக வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, அது ‘ஆவணத் தயாரிப்புச் சேவை’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் காட்டி மறுத்தார். சிங்கப்பூரின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமல் நாமே தாக்கல் செய்யலாம். என் தொகைக்கு 20 வெள்ளிதான் கட்டணம். கனடிய நிறுவனத்தின் மின்னஞ்சல், இரண்டு கடிதங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், பேநவ் ரசீதுகள் ஆகியவற்றை இணைத்தேன். பதிவாளர் முன்னிலையில் நடந்த கலந்தாய்வில் 4,000 வெள்ளியைத் திருப்பித்தர அவர் ஒப்புக்கொண்டார், கொடுத்தும் விட்டார். போலிக் கடிதம் குறித்த காவல்துறைப் புகார் தனியாக நடக்கிறது. எல்லாம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்னிடம் காட்ட எதுவும் இருந்திருக்காது.

திரும்பி வராதது காலம். இந்த இழுபறிக்கிடையே எனக்கு 42 வயதாகி, வயதுக்கான புள்ளி 6இலிருந்து 5 ஆகிவிட்டது. அவரைச் சந்தித்த சமயத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைத் திரும்ப எழுதி, கேட்டலில் 7.5உம் மற்ற மூன்றில் 6.5உம் எடுத்து எட்டாம் நிலையை எட்டியிருந்தாலே சரியாக 67 வந்திருக்கும். யாருடைய கடிதமும் தேவைப்பட்டிருக்காது. இப்போது அதோடு ஏதேனும் ஒரு பகுதியில் ஒன்பதாம் நிலையும் வேண்டும். அப்போதும் என் சி.ஆர்.எஸ். போதாது என்பதால், 600 மதிப்பெண் தரும் மாநில நியமனங்களையும், எல்.எம்.ஐ.ஏ. இல்லாமலே அங்கீகரிக்கப்பட்ட முதலாளிகள் ஆள் எடுக்கும் அட்லாண்டிக் குடிநுழைவுத் திட்டத்தையும் பார்த்து வருகிறேன். அட்லாண்டிக் திட்டத்திலும் சில மாநிலப் பிரிவுகளிலும் வேலை வாய்ப்பு உண்மையிலேயே தகுதியைத் தீர்மானிக்கிறது. ஆனால் அது நேர்காணல் நடத்தி, உங்கள் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டு, உங்களிடம் ஒரு காசும் வாங்காத முதலாளியிடமிருந்து வர வேண்டும்.

இதேபோல் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், நடுவர் மன்றத்தில் கோரிக்கை தாக்கல் செய்ய 2 ஆண்டு வரம்பு உண்டு என்பதைக் கவனியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள், கோப்பு நகர்கிறது’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் காலம் நிற்பதில்லை. முதல் ரசீதின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தமும் உரையாடல்களும் தொலைபேசியில் மட்டும் இருந்தால் வேறோர் இடத்திலும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு அவர்களிடம் பணத்தைக் கேளுங்கள்.