ஸ்கிரீன் ரெக்கார்டர் ஆப் தேடுறவங்க இதைப் படிச்சிட்டுத் தேடுங்க

வாரம் 249 ரூபாய், பதினோரு செவ்வாய்க்கிழமை, மொத்தம் 2,739 ரூபாய். மொபைல் கடையில கொடுத்த 350 தனிக்கணக்கு. என் போன்லயே ஓசியில கிடந்த ஒரு பட்டனைப் பார்க்காம விட்டதுக்கு நான் கட்டின தண்டம் இது. வீட்டுல சொல்லவே கூச்சமா இருந்துச்சு. ஆனா போன வாரம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் அதே மாதிரி ஒரு ஆப்பை இறக்கிக்கிட்டு இருந்ததைப் பார்த்ததும், எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

அம்மா ராஜபாளையத்துல தனியா இருக்காங்க, நான் கோயம்புத்தூர்ல. கேஸ் புக் பண்ண இத்தனை நாளும் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவாங்க. அவன் இந்த வருஷம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். போன்ல சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "மேல மூணு கோடு இருக்கும்ல, அதைத் தொடுங்கம்மா"ன்னா, "கோடெல்லாம் இல்லப்பா, மாரியம்மன் படம்தான் இருக்கு"ன்னு சொல்வாங்க. ஆப்பை விட்டு வெளிய வந்து வால்பேப்பரைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. சரி, நானே என் போன்ல புக் பண்ணி, ஸ்கிரீன்ல நடக்கிறதை அப்படியே வீடியோவா எடுத்து, கூடவே பேசி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்குவாங்கன்னு தோணுச்சு.

ஜூன் 14, சனிக்கிழமை. பிளே ஸ்டோர்ல ஸ்கிரீன் ரெக்கார்டர்னு அடிச்சு, முதல்ல வந்ததை இறக்கினேன். அது காசு கொடுத்து முதல் இடத்துல நிக்கிற விளம்பரம்னு பொடி எழுத்துல போட்டிருந்ததை அன்னைக்கு நான் எங்க பார்த்தேன்? ஆப் பேரைச் சொல்லப் போறதில்ல. இதே மாதிரி டஜன் கணக்குல இருக்கு, ஒண்ணைச் சொன்னா மத்ததெல்லாம் யோக்கியம்னு ஆயிடும்.

வீடியோவை எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்துல அம்மாகிட்டேருந்து போன். "ஏம்ப்பா, கடைசியில அந்த இங்கிலீஷ் எழுத்தை அமுக்கணுமா, வேண்டாமா?" எந்த எழுத்துன்னு எனக்குப் புரியல. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தா, ஆப்காரன் தன் பேரை வலது பக்கம் கீழ முத்திரை குத்தியிருக்கான். கேஸ் ஆப்ல பணம் கட்டுற பட்டனும் அதே மூலையிலதான். பட்டன் மேலயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு அவன் பேரு.

அதை எடுக்கணும்னா பிரீமியத்துக்கு மாறணும். மூணு நாள் இலவசம்னு கட்டைவிரல் அளவு எழுத்து, கீழ பளிச்சுனு ஒரு பச்சைப் பட்டன், அதுக்கும் கீழ வெளுத்த சாம்பல் நிறத்துல ஒத்த வரி. அந்த வரியை நான் படிக்கல. அதுக்கப்புறம் வாரம் 249, நீங்களா நிறுத்துற வரைக்கும்னு அதுல இருந்திருக்கு. மாசம்னு இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வாரமாம்! பச்சைப் பட்டனைத் தொட்டதும் யுபிஐ பின் கேட்டுச்சு. இலவசத்துக்கு எதுக்குடா பின்னுன்னு ஒரு நொடி கை நின்னுச்சு. அம்மா லைன்ல காத்துக்கிட்டு இருந்தாங்க, போட்டுட்டேன்.

அந்தப் பின் ஆட்டோபேக்குக் கொடுத்த ஒப்புதல். யுபிஐயில இந்த வசதி 2020ல வந்துச்சு. ஒரு தடவை ஒப்புதல் கொடுத்துட்டா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பின் கேட்காமலே பணம் போகும். அப்படி எடுக்கிற தொகைக்கு 15,000 ரூபாய்னு 2022ல ரிசர்வ் வங்கி வரம்பு வச்சிருக்கு. அவ்வளவு பெரிய ஓட்டைக்குள்ள 249 ரூபாய் நழுவிப் போறது யாருக்குத் தெரியும்? பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடியே தகவல் சொல்லணும்னு ஒரு விதியும் இருக்கு. பொய் சொல்லக்கூடாது, அந்தத் தகவல் வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. லோன் வேணுமா, மனை வேணுமான்னு வர்ற கும்பலோட அதுவும் கிடந்துச்சு.

முத்திரை இல்லாம புது வீடியோ எடுத்து அனுப்பிட்டு, மறுநாளே ஆப்பைப் போன்லேருந்து தூக்கிட்டேன். மூணு நாள் முடியிறதுக்கு முன்னாடியே தூக்கிட்டோம், கெட்டிக்காரன்னு நினைப்பு வேற. ஆப்பை அழிச்சா ஆப்தான் போகும், கொடுத்த ஒப்புதல் அப்படியே நிக்கும். வாடகை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டா வாடகை நின்னுடுமா?

ஆகஸ்ட் 15 லீவுல பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்த்தப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. ஒம்பது 249. ஆனா அந்த வரிகள்ல பிளே ஸ்டோர்ல செலவானதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது, எந்த ஆப்புன்னு இல்ல. எட்டாவது படிக்கிற என் பையன் என் போன்ல கேம் ஆடுவான். அவனைக் கூப்பிட்டு நிக்கவச்சுக் கேட்டேன். இல்லப்பான்னான். நம்பல. சத்தம் போட்டேன், ஒரு வாரம் போனைத் தொடக்கூடாதுன்னுட்டேன். அவன் ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டான். 2,739 ரூபாயை விட இதுதான் இப்பவும் உறுத்துது.

மறுநாள் சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த தம்பி போனை வாங்கி ரெண்டு தட்டு தட்டிட்டு, "வைரஸ் சார். விட்டா அக்கவுண்டையே தொடச்சிரும்"னான். எனக்கு வேர்த்துப்போச்சு. 350 ரூபாய் ஆகும்னான், கொடுத்தேன். இருபது நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தான். என்ன பண்ணான்னு இப்பத் தெரியும்: வேண்டாத பைலைத் துடைக்கிற ஆப் ஒண்ணைப் போட்டு ஓடவிட்டிருக்கான், அதுலயும் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். கிளம்புறப்ப, "ஸ்கிரீன் ரெக்கார்டர்தான் வேணும்னா சொல்லுங்க சார், பிரீமியமே ஃப்ரீயா உள்ளது, ஏபிகே வாட்ஸ்அப்ல அனுப்புறேன்"னான். ஏபிகேன்னா பிளே ஸ்டோர் இல்லாம நேரா போன்ல ஏத்துற ஆப் பைல். ஏதோ நல்ல நேரம், வேண்டாம்னு சொல்லிட்டேன். ஊர் பேர் தெரியாதவன் உடைச்சுக் கட்டின ரெக்கார்டரைப் போன்ல வச்சுக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ரெக்கார்ட் ஆரம்பிக்கிறப்ப ஆண்ட்ராய்டே ஒரு எச்சரிக்கை காட்டும், பாஸ்வேர்டு, பணம் கட்டுற விவரம், போட்டோ, மெசேஜ்னு ஸ்கிரீன்ல தெரியிற எல்லாமே அந்த ஆப்புக்குத் தெரியும்னு. நாம அதைப் படிக்காம 'ஸ்டார்ட்' அமுக்குவோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். மறுபடியும் 249.

இந்தத் தடவை நானே பிளே ஸ்டோர்ல புகுந்து தேடினேன். வலது பக்கம் மேல நம்ம படம் இருக்கும், அதைத் தொட்டா பணமும் சந்தாவும்னு ஒரு இடம், அதுக்குள்ள சந்தாக்கள். போய்ப் பார்த்தா காலி. சந்தா எதுவும் இல்லைன்னு சொல்லுது. அப்ப பணம் எங்கதான் போகுது? அடுத்த செவ்வாய் 26ஆம் தேதி பதினோராவது 249ம் போச்சு.

மறுநாள் விநாயகர் சதுர்த்தி. அக்கா குடும்பத்தோட வந்திருந்தாங்க. அக்கா மக பிளஸ் டூ படிக்கிறா. கொழுக்கட்டை சாப்பிட்டுக்கிட்டே, வெல்லம் ஒட்டின விரலைத் துடைச்சுட்டு என் போனை வாங்கினா. பிளே ஸ்டோர்ல என் படத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி. தொட்டதும் இன்னொரு ஈமெயில் எட்டிப் பார்த்துச்சு. "மாமா, இது யாரு?" போன் வாங்குன அன்னைக்குக் கடைக்காரர் அவசரத்துல புதுசா தொடங்கிக் கொடுத்த கணக்கு. என் பேரும் பிறந்த வருஷமும் சேர்ந்த ஈமெயில், நான் மறந்தே போயிட்டேன். ஆப் இறங்கினது அந்தக் கணக்குல, சந்தாவும் அங்கதான். நான் இன்னொரு கணக்குல நின்னுக்கிட்டு இல்லை இல்லைன்னு தேடியிருக்கேன். உங்க போன்ல ரெண்டு ஈமெயில் இருந்தா ரெண்டுலயும் மாறி மாறிப் பாருங்க. ரத்துன்னு அமுக்கினா, ஏன் போறீங்க, பாதி விலைக்குத் தரவா, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கவான்னு கையைப் பிடிச்சு இழுக்கும். விடாம கடைசி வரைக்கும் போகணும். யுபிஐ ஆப்லயும் ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கு, யார் யாருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கோம்னு அதுல மொத்தமாத் தெரியும். அங்கயும் போய் ரத்து பண்ணிட்டோம். சில ஆப் பிளே ஸ்டோர் வழியா வராம நேரா ஒப்புதல் வாங்கியிருக்கும், அது பிளே ஸ்டோர்ல தெரியாது, இங்கதான் பார்க்கணும்.

அப்புறம் அவ கேட்டா, "ஆமா, இந்த ஆப் எதுக்கு மாமா?" சொன்னேன். ஒண்ணும் பேசல. போனுக்கு மேலேருந்து விரலால ரெண்டு தடவை கீழ இழுத்தா. வைஃபை, டார்ச், ப்ளூடூத்னு இருக்குமே, அதே பலகை. பக்கத்துக்குத் தள்ளினா. ரெண்டாவது பக்கத்துல, ஸ்கிரீன் ரெக்கார்டர். ரெண்டு வருஷமா தினமும் இழுக்கிற பலகை, டார்ச்சுக்கு அடுத்து என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்ல.

ஆண்ட்ராய்டு 11லேருந்து, அதாவது 2020லேருந்து, இது ஆண்ட்ராய்டோடவே வருது. அதுக்கு முன்னாடி 2014ல வந்த ஆண்ட்ராய்டு 5லதான் ஆப்கள் ஸ்கிரீனைப் பதிவு பண்ண வழி திறந்துச்சு. நடுவுல ஆறு வருஷம், நிறையப் போன்ல ஆப் இல்லாம வேலை ஆகாது. அந்தப் பழக்கத்தை வச்சுத்தான் இவங்க இன்னும் கடை நடத்துறாங்க. என்னுது சாம்சங். ரெட்மியில டூல்ஸ் ஃபோல்டருக்குள்ள தனி ஆப்பாவே இருக்கும். பலகையில காணோம்னா பென்சில் படத்தையோ பிளஸ்ஸையோ தொடுங்க, ஒளிஞ்சு கிடக்கிற பட்டனெல்லாம் வரும், இழுத்து மேல விடலாம். விலை குறைஞ்ச சில மாடல்கள்ல இல்லாமலும் இருக்கலாம். ஆனா தேடிட்டுச் சொல்லுங்க.

அந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சா அமைப்புகள் திறக்குது. ஒலியில மூணு வகை: ஒண்ணுமே வேண்டாம், போன் சத்தம் மட்டும், போன் சத்தமும் நம்ம குரலும். நான் முதல்ல கவனிக்காம எடுத்துட்டேன், அஞ்சு நிமிஷம் தொண்டை கிழியப் பேசினது ஒண்ணும் பதிவாகல. மூணாவதை வைக்கணும். விரல் படுற இடத்தைக் காட்டுறதுக்கும் ஒரு வசதி இருக்கு. தொடுற இடத்துல சின்னதா ஒரு வட்டம் விழும். அம்மா மாதிரி ஆளுங்களுக்கு இது வரப்பிரசாதம், காசு கொடுத்த ஆப்ல நான் இதைப் பார்க்கவே இல்ல. தரம் 1080, 720, 480ன்னு மூணு. வாட்ஸ்அப்ல அனுப்ப 720 போதும். எடுத்தது கேலரியில ஸ்கிரீன் ரெக்கார்டிங்ஸ்னு ஒரு ஆல்பத்துல உட்கார்ந்திருக்கும். முத்திரை, விளம்பரம், பச்சைப் பட்டன், ஒரு கழுதையும் கிடையாது.

ஒண்ணு ரெண்டு இடத்துல உஷாரா இருங்க. நான் பதிவு பண்ணிக்கிட்டு இருக்கும்போதே பேங்க் மெசேஜ் ஒண்ணு மேலேருந்து இறங்குச்சு, மீதி இருப்போட. நல்லவேளை அம்மாவுக்குத்தான் அனுப்பினேன். "அக்கவுண்டுல இவ்வளவுதானாப்பா இருக்கு?"ன்னு அதுக்கு ஒரு விசாரணை. இதுவே குடும்ப குரூப்பா இருந்தா? ஓடிபி வந்திருந்தா? 'டு நாட் டிஸ்டர்ப்'பைப் போட்டுட்டு ஆரம்பிங்க. யுபிஐ பின் போடுற பக்கம் வீடியோவில கறுப்பாத்தான் வரும். அது கோளாறு இல்ல, அந்த ஆப்கள் வேணும்னே தடுத்து வச்சிருக்கு. வாட்ஸ்அப் காலைப் பதிவு பண்ணினா எதிர்ப்பக்கக் குரல் என் போன்ல விழல. அதைத் தர்றேன்னு சொல்லிக் காசு கேட்கிற ஆப் எதுவா இருந்தாலும் ரெண்டு தடவை யோசிங்க.

பிளே ஸ்டோர்ல பணம் திரும்பக் கேட்டோம். முந்தின நாள் போன 249 மட்டும் வந்துச்சு, எடுத்து 48 மணி நேரத்துக்குள்ள கேட்டதால. மத்த பத்து வாரத்துக்கு ஆப் கம்பெனியையே கேட்கச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு மூணு ஈமெயில் போட்டேன். மூணுக்கும் ஒரே பதில், எங்களைத் தொடர்பு கொண்டதுக்கு நன்றின்னு. எனக்காவது நானே போட்ட பின், கொஞ்சம் என் தப்பும் இருக்கு. உங்க ஒப்புதலே இல்லாம யாராவது பணத்தை உருவியிருந்தா வெயிட் பண்ணாதீங்க, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் போடுங்க.

பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அவன் பெருந்தன்மையா மன்னிச்சுட்டு, ஒரு பிரியாணியில கணக்கை முடிச்சுட்டான். அம்மாவுக்குப் புது வீடியோ போச்சு. சிலிண்டர் வந்துச்சு, டெலிவரிக்காரர் கேட்ட நம்பரையும் மெசேஜ்ல பார்த்து அவங்களே சொல்லிட்டாங்களாம். ஒரே குறைதான். "நடுவுல கொஞ்ச நேரம் கறுப்பாயிடுச்சுப்பா. கரண்ட் போயிடுச்சோன்னு ஃபேனைப் பார்த்தேன், ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."