எந்தத் தேர்வு வைத்தார்கள் என்று கேட்காமல் விட்டேன்

குழந்தைக்கோ உங்களுக்கோ உளவியல் மதிப்பீடு செய்ய நாள் வாங்கியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எட்டு மாதத்தை இழந்த பிறகு எழுதுகிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் கவனிப்பதில்லை, எதையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது, டிக்டேஷனில் பாதி வார்த்தை விட்டுப்போகிறது என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார். விளம்பரம் பார்த்து ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு படிவம் தந்தார்கள், நிரப்பினேன். மகனை உள்ளே அழைத்துப்போய் முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். எப்போது பேச ஆரம்பித்தான், காது வலி ஏதாவது வந்ததுண்டா, வீட்டில் எப்படி இருப்பான்? எதையும் யாரும் கேட்கவில்லை. ஆசிரியையிடமிருந்து ஒரு வரிகூட வாங்கிவரச் சொல்லவில்லை.

அன்று மாலையே அறிக்கை தயார். ஐக்யூ (அறிவுத்திறன் எண்) 72, ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துடிப்புக் கோளாறு), 40 அமர்வு தெரபி, இன்றே முன்பணம் கட்டினால் சலுகை. இத்தனையும் அவனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, "அம்மா, எழுபத்திரண்டுன்னா பாஸா?" என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பயத்தில் பணத்தைக் கட்டினேன். பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அறிக்கையை நிதானமாகப் படித்ததே இரண்டு வாரம் கழித்துத்தான். மூன்றாம் பக்கத்தில் "இந்தச் சிறுமி" என்று இருந்தது. வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ எழுதியது என் மகன் பெயரில் வந்திருக்கிறது. அச்சுப்பிழை என்றார்கள். நானும் அதை நம்பி, மாதக்கணக்கில் தெரபிக்கு அழைத்துப்போனேன். ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு வேறொரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் (மருத்துவ உளவியலாளர்) போனோம். முதல் நாள் அவர் எந்தத் தேர்வும் வைக்கவில்லை. என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார், அப்புறம் அவனுடன் விளையாடினார். அவன் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "காதையும் கண்ணையும் சோதித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. இ.என்.டி. மருத்துவர் பார்த்தபோது இரண்டு நடுக்காதிலும் நீர் கோத்திருந்தது. குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் பிரச்சினை இது. வலி இல்லாமலும் இருக்கும், ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மங்கும். கவனிக்காத பிள்ளை போலவே தோன்றும். வாயால் சொல்லும் எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டிய தேர்வை அப்படிப்பட்ட காதோடு எழுதினால் மதிப்பெண் விழாமல் என்ன செய்யும்?

முன்பு எந்தத் தேர்வு வைத்தார்கள் என்றும் அவர் கேட்டார். ஒரே தேர்வைக் குறுகிய காலத்தில் மறுபடி வைத்தால் பழகிய காரணத்தாலேயே மதிப்பெண் கூடிவிடுமாம், அதனால் தெரிய வேண்டும் என்றார். அறிக்கையில் பெயரே இல்லை. மையத்தைப் பலமுறை கேட்ட பிறகு, "எங்கள் சொந்தத் தேர்வு" என்று பதில் வந்தது.

அங்கேதான் நான் ஏமாந்தது முழுதாகப் புரிந்தது. ஐக்யூ என்பது சரியான விடைகளின் கூட்டுத்தொகை இல்லை. அதே வயதுக் குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் எழுதிய தேர்வோடு ஒப்பிட்டுத்தான் எண் கிடைக்கிறது. சராசரி 100 என்று வைக்கிறார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். வெக்ஸ்லர் என்ற பெயரில் வரும் அறிவுத்திறன் தேர்வுகள் அப்படி உருவானவை. குழந்தைகளுக்கான முதல் பதிப்பு 1949இல் வந்தது, ஐந்தாவது 2014இல். ஒப்பிட ஆளே இல்லாத தேர்வில் 72 என்பதற்குப் பொருளே கிடையாது. முறையான தேர்விலும் ஒற்றை எண்ணைக் கொடுத்து நிறுத்த மாட்டார்கள், உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதையும் எழுதுவார்கள். கேள்வித்தாளைக் கையில் தர மாட்டார்கள், அது நியாயம்தான். வெளியே போனால் தேர்வு கெட்டுவிடும். ஆனால் தேர்வின் பெயர், பதிப்பு, ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண், செய்தவரின் தகுதி, இத்தனையும் அறிக்கையில் இருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். என் தம்பி அதே மையத்தில் 18 கேள்விப் படிவத்துக்கு டிக் அடித்தான், கால் மணி நேரத்தில் ஏடிஹெச்டி என்றார்கள். அப்படிப்பட்ட படிவம் மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று காட்டுவதற்கு மட்டும்தான். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடு) விதிப்படி, 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அவன் பல மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, கவனம் சிதற அதுவே காரணமாக இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.

காதுக்கு வைத்தியம் முடிந்து, கேட்கும் திறன் சீரான பிறகு மகனுக்கு மறுபடி மதிப்பீடு நடந்தது. மூன்று நாள், இடையிடையே ஓய்வு, ஆசிரியைக்கும் தனிப் படிவம். எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் இருக்கிறது, அதற்குப் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். அறிவுத்திறன் சராசரிக்குள்தான். ஏடிஹெச்டி இல்லை. அந்த மருத்துவ உளவியலாளர் அவனைத் தனியே உட்காரவைத்து, எதெல்லாம் அவனுக்கு நன்றாக வருகிறது என்று அவனுக்குப் புரியும்படி சொன்னார்.

முன்பணம் திரும்பவில்லை. பள்ளிக் கோப்பில் அந்தப் பழைய அறிக்கை இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.